மைக் பிடிக்கிற வரைக்கும்

ஏற்காட்டு மலைக் கொட்டச்சேட்டில் இறங்கி, குப்பாயி வீடு எது என்று கேட்டால் எந்தக் குப்பாயி என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். ‘தண்ணி விடுற குப்பாயி’ என்று கேட்டுப் பாருங்கள். பஸ்ஸைத் திருப்பிக்கொண்டிருக்கும் டிரைவரே ஒரு கையை வெளியே நீட்டி, அதோ அந்த டேங்குக்கு அடியில என்று காட்டிவிட்டுப் போவார்.

மேட்டில் நிற்கும் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பன்னிரண்டு வருடமாக அவள்தான் ஆபரேட்டர். விடியற்காலை ஐந்தரைக்குப் புருசனுடைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, டார்ச் லைட்டோடு மோட்டார் ரூமுக்கு வருவாள். மோட்டாரைப் போடுவாள். மூலையில் பலகை மேல் இருக்கும் பழைய ஆம்பிளிபயரைப் போடுவாள். மைக்கைக் கையில் எடுத்து, இன்றைக்கு எந்த லைன் வீடுகளுக்குத் தண்ணீர் என்று சொல்லிவிட்டு வால்வைத் திறப்பாள். தொட்டியின் உச்சியில் கட்டியிருக்கும் கூம்பு ஸ்பீக்கர் அவள் சொல்வதை மூன்று சரிவுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தண்ணீரோடு விட்டுவிடுவாளா? குப்பனூர் ரோட்டில் மரம் விழுந்து பஸ் வராது என்பதும் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரிய வேண்டும். ரேஷனில் பாமாயில் வந்தது, யார் வீட்டு ஆடோ காணாமல் போனது, கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்பதெல்லாம் அந்தக் கூம்பு வழியாகத்தான். இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. ஊரில் விசேஷம் என்றால் வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்து அழைத்தாலும், முதல் நாளோ அன்றைக்கோ விடியற்காலையில் மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டால்தான் அழைப்பு முழுசாகும். குங்குமத்தை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, “மைக்குல கூப்புடலியே” என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிற ரோசக்காரர்கள் நிறைந்த ஊர் அது.

இந்த வேலை குப்பாயிக்குக் கிடைத்ததே அவள் வாயால்தான். அதற்கு முன் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். அவள் இந்தச் சரிவில் நின்று பேசினால் அந்தச் சரிவில் ரைட்டர் பதில் சொல்வார். தொட்டி கட்டி முடித்ததும், இந்த அம்மாவை விட்டால் யார் என்று பஞ்சாயத்தில் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்கள். எஸ்டேட் ரைட்டர் அன்றைக்குத்தான் நிம்மதியாகக் கணக்கெழுதினார் என்று ஒரு பேச்சு உண்டு. புருசன் செங்கோடன் எஸ்டேட் வாட்ச்மேன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார், அதில் ரெண்டு “சோத்தப் போடு.” வீட்டில் பேச்சு நடக்க வேண்டிய மொத்தப் பொறுப்பும் குப்பாயி தலையில் விழுந்துவிட்டது, பாவம் அவளை என்ன சொல்வது?

அந்த ஆம்பிளிபயர் அவளுக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தது. சேலத்துப் பந்தல்காரர் ஒருவர் வைத்து ஓட்டி அலுத்துப்போய்க் கொடுத்த இரும்புப் பெட்டி. இந்த மலையின் பனி எதைத்தான் விட்டு வைக்கிறது? பீரோவில் மடித்து வைத்த பட்டுச்சேலையில் பூஞ்சணம் பிடிக்கிறது, பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் தொய்ந்துவிடுகிறது. மைக் மட்டும் தப்புமா? வேலைக்குச் சேர்ந்த வருடமே மைக்கின் கழுத்தில் இருக்கும் தள்ளுகிற சுவிட்ச் இறுகிப்போனது. குப்பாயி அசரவில்லை. கோழி இறகால் தொட்டு நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டாள். தையல் மெஷினுக்கு எண்ணெய், கதவுக் கீலுக்கு எண்ணெய், பையன்களின் உச்சந்தலைக்கு எண்ணெய். மைக்குக்கும் விட்டதில் சுவிட்ச் வழுக்கிக்கொண்டு போனது. அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை எண்ணெய் போடுவதை அவள் விட்டதில்லை. “நானே ரிப்பேர் பண்ணிக்கிட்டனுங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லவும் செய்தாள்.

இங்கேதான் சுதாராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுதாராணி குப்பாயியைவிட ஆறு வயது இளையவள். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த நாள் முதல் இரண்டு பேரும் ஒரே வரிசையில் காப்பி பறித்தவர்கள். சுதாராணிக்கு வரிசையிலேயே இடுப்பு வலி எடுத்தபோது எஸ்டேட் ஜீப்பில் போட்டு ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது குப்பாயி. பிறந்த குழந்தை கவியாவை முதலில் கையில் வாங்கியதும் அவள்தான். குப்பாயிக்குப் பிறந்தது ரெண்டும் ஆண்பிள்ளைகள், இப்போது திருப்பூரில் இருக்கிறார்கள். அதனால் கவியா பாதி நாள் குப்பாயி வீட்டு அடுப்பங்கரையில்தான் வளர்ந்தாள். அவளுக்குத் தலை பின்னுவது, வளையல் வாங்கிப் போடுவது எல்லாம் பெரியம்மா பாடு.

மூன்று வருடத்துக்கு முன் தை மாதத்தில் சுதாராணி தளம் போட்ட வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். லைன் வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போவதென்றால் சும்மாவா? இருநூற்றைம்பது பேருக்குச் சமையல். முதல் நாள் சாயங்காலம் வந்து, “நீங்க கூப்பிட்டா ஊரே வரும்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். குப்பாயி விடியற்காலை மைக்கைப் பிடித்து, பேர் சொல்லி, முறை சொல்லி, மூன்று தடவை கூப்பிட்டாள். விருந்துக்கு ஐம்பது பேர்கூட வரவில்லை. அண்டா அண்டாவாகச் சாம்பார் மிஞ்சி, மாட்டுத் தொட்டியில் போய்ச் சேர்ந்தது. கேட்டால் எல்லாரும் ஒரே பேச்சு: மைக்கில் கூப்பிடவே இல்லை.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் வெளியே கூம்பு பேசுவது அந்த ரூமுக்குள் கேட்காது. தன் சத்தம் வெளியே போகவில்லை என்பது குப்பாயிக்குத் தெரியாது. மூணு தடவை கூப்பிட்டேன் என்று தலையில் அடித்துச் சொன்னாள். யாரோ போய் மத்தியானத்தில் மைக்கைப் போட்டுப் பார்த்தார்கள், ஜம்மென்று பேசியது. அதோடு குப்பாயி பொய்க்காரி ஆனாள். காலியாகக் கிடந்த இலைகளுக்கு நடுவே நின்றுகொண்டு சுதாராணி கேட்டாள், “எனக்கு ஒரு ஊடு அமைஞ்சது உங்களுக்குப் பொறுக்கலீங்களாக்கா?”

மூன்று சரிவுக்குக் கேட்கிற குரல் அன்றைக்கு ஒரு சொல் திரும்பப் பேசவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு வந்தவள்தான். மூன்று வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஐந்நூறு அடி தூரத்தில் இரண்டு வீடு, எதிரில் வந்தால் ஒருத்தி காப்பிச் செடியைப் பார்ப்பாள், ஒருத்தி கால் விரலைப் பார்ப்பாள். கவியாவின் கல்யாணம் சேலத்து மண்டபத்தில் நடந்தது. அதற்கும் அழைப்பில்லை.

அதற்குப் பிறகு குப்பாயி ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். சுவிட்ச் பிடித்து மைக்குக்கு உயிர் வந்தால் மேலே கூம்பிலிருந்து கரகர என்று, தோசைக்கல்லைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். மோட்டார் சத்தத்தையும் மீறிக்கொண்டு ரூமுக்குள் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான். அது வராமல் அவள் வாய் திறந்து ஊரைக் கூப்பிட மாட்டாள். குளிர் காலத்தில் அது வர இரண்டு நிமிசமோ மூன்று நிமிசமோ ஆகும். சுவிட்சைத் தள்ளிவிட்டு, மைக்கை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

மூன்று நிமிசம் சும்மா உட்காருகிற ஜென்மமா அது? பேசத் தொடங்கினாள். செத்துக் கிடக்கிற மைக்கைப் பிடித்துக்கொண்டு சுதாராணியிடம் பேசினாள். பெரியவன் போன் பண்ணினான் சுதா, முட்டி வலிக்குது சுதா, உன் ஊட்டு வாசல்ல போட்ட கோலம் நல்லா இருந்துச்சு சுதா, என்று அன்றன்றைக்கு உள்ளது. கரகர வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏனுங்க, கீழ் லைனுக்குத் தண்ணி வருதுங்க” என்று தொடங்கிவிடுவாள். இது செங்கோடனுக்குக்கூடத் தெரியாது.

இந்தத் தை மாதம் கவியாவுக்கு வளைகாப்பு. மாசமாக இருக்கிற பிள்ளையைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விசேஷம். சுதாராணி குங்குமத் தட்டோடு கீழ் லைன் முழுக்க ஒரு வீடு விடாமல் அழைத்தாள். குப்பாயி வீட்டு வாசல் வந்ததும் கால் ஒரு நொடி தயங்கியது, பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. மைக்கில் கூப்பிடப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டாளாம். குப்பாயி உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏற்காட்டுக் கடையில் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்து இரண்டு வாரமாகிறது. கவியாவின் கையில் அதில் ஒன்றையாவது தன் கையால் போட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆண்டனி ராஜ் வந்தான். ஏற்காட்டில் சர்ச்சுக்கும் ஓட்டல்களுக்கும் சவுண்ட் சிஸ்டம் பார்க்கிற எலக்ட்ரீசியன். கூம்பு போடுகிற கரகரப்பில் தொட்டில் பிள்ளைகள் எழுந்துகொள்கின்றன என்று ஊரில் புகார், அதனால் பஞ்சாயத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். குப்பாயி பக்கத்திலேயே நின்றுகொண்டாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே மிச்சமிருக்கிற கரண்ட் இறங்கட்டும் என்று கொஞ்ச நேரம் பெட்டியைச் சும்மா விட்டான். பிறகு மைக்கின் திருகாணிகளைக் கழற்றி, சுவிட்சைத் திறந்தான். உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி அப்பிக் கிடந்தது.

என்னக்கா, அல்வா செஞ்சு வெச்சிருக்கீங்களா என்றான். குப்பாயி பெருமையாக எண்ணெய்க் கதையைச் சொன்னாள். அவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

“தேங்கா எண்ணெயா? ஏனுங்கக்கா, மார்கழி தையில உங்க ஊட்டு எண்ணெய் பாட்டில் காலைல எப்படி இருக்கும்?”

“கல்லு மாதிரி இருக்கும். அடுப்புக்கிட்ட வெச்சாத்தான் உருகும்” என்றாள் குப்பாயி. சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

அவன் அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனான். சுவிட்சுக்குள் இரண்டு தகடு தொட்டால்தான் கரண்ட் போகும், நடுவே எண்ணெய் உறைந்து உட்கார்ந்தால் எப்படித் தொடும், வெயில் ஏறி உருகினால் தன்னால் பிடித்துக்கொள்ளும், காலையில் பிடிக்காது, மத்தியானம் பிடிக்கும், அப்படித்தானே என்றான். குப்பாயி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். தை மாசம். விடியக்காலை. மூணு தடவை. இந்த மலையில் இருபத்தெட்டு வருடம் எண்ணெயை உருக்கித் தலை சீவியவளுக்கு, மைக்குக்குள் விட்ட எண்ணெயும் உறையும் என்பது ஒரு நாளும் தோன்றவில்லையே! சுதாராணி வீட்டு விருந்தைக் கெடுத்தது அவளுடைய கோழி இறகுதான்.

ஆண்டனி ராஜ் பையிலிருந்து ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்தான். கான்டாக்ட் கிளீனர் என்றான். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே வேறு, அதில் எண்ணெய் இருக்கும், இது அழுக்கைக் கரைத்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டுத் தானும் ஆவியாகிப் போய்விடும், மிச்சம் எதுவும் வைக்காது என்று விளக்கினான். மெல்லிசான சிவப்புக் குழாயைச் சுவிட்சின் சந்தில் நுழைத்து ஒரு அழுத்து அழுத்தினான். பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. தள்ளுங்கக்கா, முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்க என்று அவள் கையில் கொடுத்தான். குப்பாயி முப்பதுக்கு நாற்பதாகத் தள்ளினாள். அடுத்தது வால்யூம் திருகு. அதன் முதுகில் இருந்த ஓட்டையில் அவளையே அடிக்கச் சொன்னான். அடித்துவிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகத் திருக, பன்னிரண்டு வருடத்துக் களிம்பு கரைந்து வந்தது. மூக்கில் ஏறுகிற வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்துக் காய விட்டார்கள். அத்தனை துக்கத்திலும் அந்த ‘புஸ்’ சத்தம் அவளுக்குப் பிடித்துப்போனதை மறைக்க முடியவில்லை.

மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள், அதனால் சோதனை போட்டபோது நன்றாகக் கேட்டது. கரகர இல்லை, விட்டு விட்டு வருவது இல்லை. பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி ஆண்டனி ராஜின் குரல் மலையெல்லாம் போனது. இனிமேல் சுவிட்சைத் தள்ளின உடனே பேசலாம்க்கா, கரகரன்னு வராது என்று சொல்லிவிட்டு, பாதி டப்பாவை அவளிடமே விட்டுவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் அந்தப் பாதி டப்பாவில் ஒரு பாதி தீர்ந்தது. டார்ச் லைட்டின் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங்குக்கு அடித்தாள். செங்கோடனின் ரேடியோவைப் பிடுங்கி அதன் திருகுக்கும் அடித்தாள். காய்ந்த பிறகு போட்டால் செய்தி வாசிப்பவர் கணீரென்று பேசினார். “இத்தன நாளா இதயெல்லாம் சொல்லிட்டா இருந்தாங்க?” என்றார் செங்கோடன். அன்றைய நாலு வார்த்தையைத் தாண்டிவிட்டார். அந்தத் தெம்பில் குப்பாயி எண்ணெய் விஷயத்தை அவரிடம் சொன்னாள். போய்ச் சொல்லிட்டு வா என்றார் அவர். போனாள். சுதாராணி வீட்டு கேட் வரைக்கும் இரண்டு தடவை போனாள். உள்ளே சொந்தக்காரர்கள், பந்தல் கட்டுகிற சத்தம், சிரிப்பு. எந்த முகத்தோடு உள்ளே போவது? வந்து படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிந்தபோது மாடத்தில் எண்ணெய் பாட்டில் வெள்ளைக் கல்லாக நின்றது. பனியில் எதிரே நிற்பவர் தெரியவில்லை. மோட்டார் ரூமுக்கு வந்தாள், மோட்டாரைப் போட்டாள், ஆம்பிளிபயரைப் போட்டாள், சுவிட்சைத் தள்ளினாள். கை தானாக மைக்கை உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கத் தொடங்கியது. வாயும் தானாகத் திறந்துகொண்டது. மூன்று வருடத்துப் பழக்கத்தை ஒரு மத்தியானத்து ஸ்பிரே கழுவிவிடுமா?

முதலில் முட்டி வலி. அப்புறம் மேல் லைன் ராசம்மாள், அவள் ஒருத்தியே முப்பது குடம் பிடித்துவிட்டு மேல் லைனுக்குத் தண்ணி வரவில்லை என்று கம்ப்ளைண்ட் பண்ணுகிறாள் என்று கொஞ்ச நேரம். கரகர வரவில்லை. இன்றைக்கு நொம்பக் குளிர் போல என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அப்புறம் மனசில் இருந்தது வந்தது.

“சுதா, நான் கூப்பிட்டேன் சாமி. மூணு தடவ கூப்பிட்டேன். அந்த எண்ணெய ஊத்தி நாந்தான் கெடுத்துப்புட்டேன், நேத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. நீ கேட்டயே பொறுக்கலீங்களான்னு. கொஞ்சம் ஆசையா இருந்துச்சுதான், இல்லைன்னு சொல்லல. தளம் போட்ட ஊடுன்னா யாருக்கு ஆசை இருக்காது? அதுக்காக உன்ற எலைய நான் காலியா உடுவனா?”

மூக்கை ஸ்வெட்டர் கையில் துடைத்துக்கொண்டாள். இன்னும் கரகர இல்லை.

“நாளைக்கு நீ கூப்புடாட்டிப் போவுது. கவியாக் கண்ணுக்கு வளையல் வாங்கி வெச்சிருக்கேன், பச்ச வளையல். ரெண்டே கால் அளவு. இப்பக் கை ஊதியிருக்கும், ரெண்டரை வாங்கியிருக்கணுமோ என்னமோ. அது தெரிஞ்சுக்கக்கூட எனக்கு ஆள் இல்ல பாரு.”

வெளியே குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் முதலில் சாவுச் செய்தி என்று நினைத்தார்களாம், ‘ஏனுங்க’ இல்லாமல் தொடங்கியதால். ராசம்மாள் தன் பேர் கேட்டதும் இரண்டு குடத்தை வரிசையிலிருந்து மெதுவாக எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் மூன்று சரிவும் நின்று கேட்டது.

மோட்டார் ரூம் கதவு தடாலென்று திறந்தது. சுதாராணி நின்றாள். செருப்பில்லை, தலை முடியவில்லை, கையில் கோலப்பொடி அப்படியே இருந்தது. மேட்டில் ஓடி வந்த மூச்சு இரைந்தது. குப்பாயி மைக்கைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, அது ஊருக்கே கேக்குதுக்கா.”

“இன்னும் புடிக்கலியே சுதா” என்றாள் குப்பாயி. அதுவும் ஊருக்கே கேட்டது.

சுதாராணி கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினாள். அந்த அமைதியில், தொட்டியின் உச்சியிலிருந்து இரண்டு பேர் அழுகிற சத்தம் துல்லியமாக வந்தது. குப்பாயிக்கு அப்போதுதான் விளங்கியது. பதறிப்போய் சுவிட்சில் கை வைத்தாள், சுதாராணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டரைதான் வேணும்க்கா. கை நல்லா ஊதியிருக்கு” என்றாள். “மத்தியான பஸ்ஸுல நாம ரெண்டு பேரும் போயி மாத்திட்டு வந்துருலாம்.”

சொல்லிவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு மைக் பழக்கமில்லை, ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டு பேசினாள். “ஏனுங்க, நாளைக்கு எங்க கவியாவுக்கு வளைகாப்புங்க. மொத வளையல் அவ பெரியம்மா போடறாங்க. எல்லாரும் குடும்பத்தோட வந்துருங்க.”

குப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வேலை என்றால் வேலை. வால்வைத் திறக்கப் போனவள் நின்று, இன்னும் ரெண்டு தடவை சொல்லு சுதா, இங்கே மூணு தடவை சொல்றதுதான் வழக்கம் என்றாள்.

வெளியே மூன்று சரிவிலும் கூச்சலும் சிரிப்புமாகக் கிடந்தது. சுதாராணி மைக் சுவிட்சைத் தள்ளி நிறுத்தினாள்.

“ஒரு தடவ போதும்க்கா” என்றாள். “கேட்டுருச்சு.”